காண்க: ஓலைத்துறை

ஜூன் 9, திங்கள்

என் குழந்தை தாழை இப்போதுதான் கண் மூடினாள். அவள் உறங்கிய பிறகு கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் நான் செய்வது இரண்டே வேலை. மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். பிறகு இந்த நோட்டில் எழுதுவேன்.

இன்று மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. மாமாவின் முழுத்தொகுப்புக்குச் சொல்லடைவு. என் மாமனார் பேராசிரியர் தாணுமாலயன் வாழ்நாளெல்லாம் எழுதியதை மூன்று கனத்த தொகுதிகளாகப் போடுகிறார்கள்: இலக்கியம், பண்பாடு, சூழலியல். அகப்பாட்டில் ஓடும் நண்டு, சாஸ்தா காவுகளில் வெட்டாமல் விட்ட மரங்கள், தோல்பாவைக் கூத்து, குளத்து மடைகள், வழக்கொழிந்த நெல் என்று அவர் தொடாதது கிடையாது. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று ஒவ்வொரு தொகுதியின் கடைசியிலும் ஒரு அடைவு இல்லாவிட்டால் அந்தக் காட்டுக்குள் நுழைகிறவன் வழி தெரியாமல் நிற்பான். பதிப்பகம் வெளியாளிடம் கொடுக்க இருந்தது. மாமா ஒத்துக்கொள்ளவில்லை.

"வீட்டிலே எம்.ஃபில். படிச்ச பிள்ள இருக்கும்போ வெளியாளு எதுக்கு? ஷைலஜா செய்வா."

"பச்சப்பிள்ளக்காரி அவ. பிள்ளைய யாரு பாப்பா, நீங்களா?" என்றார் அத்தை, முருங்கைக்கீரை உருவிக்கொண்டே.

"நீ இருக்கியே கோமதி."

அத்தை கையில் கீரைக்காம்பு கொஞ்சம் பலமாக ஒடிந்தது.

எனக்குச் சந்தோஷம்தான். நான் இந்த வீட்டுக்கு வந்ததே அவர் எழுத்தின் வழியாக. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி ஜெசிந்தா, 'உவர்நீர்ச் சுவடுகள்' என்ற மாமாவின் பழைய புத்தகத்தை விரித்துக் காட்டி, "எங்க ஊரப் பத்தி ஒருத்தரு எழுதியிருக்காருட்டி" என்றாள். அவள் ஊர் ஓலைத்துறை. அங்கே ஒரு கழி, உவர்நீர் ஓடை, கடலோடு சேர்கிறது. வெயில் காலத்தில் மணல் மேடிட்டு அந்த வாய் அடைத்துக்கொள்ளும். மழையில் கழி நிறைந்ததும் ஊரே மண்வெட்டியோடு இறங்கி மணலை வெட்டித் திறந்துவிடும். திறக்கும் அந்த வாய்க்குப் பெயர் பொழி. முதல் வெட்டு, கழியில் மட்டிச் சிப்பி பொறுக்கும் பெண்களுடையது. ஆண்கள் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மாமா அதை ஒரு முழு அத்தியாயமாக எழுதியிருந்தார். அந்த ஐப்பசியில் ஜெசிந்தாவோடு போய் நானும் நேரில் பார்த்தேன். எழுதியிருந்தபடியே இருந்தது. ஒரு புத்தகம் சொன்னது அப்படியே கண்முன் நடந்ததை அதற்கு முன்போ பின்போ நான் பார்த்ததில்லை.

அவர் மகனுக்கு என்னைக் கேட்டு வந்தபோது மாப்பிள்ளையைப் பற்றி எதுவும் கேட்காமல் சரி என்றேன். மகிழ்நன் இன்றும் கேலி செய்வார்: "எங்கப்பாவ அட்டையில பாத்துட்டு வாங்கிட்டே. உள்ள பிரிச்சா நான்."

ஜூன் 17, செவ்வாய்

அடைவு வேலை பிஸ்கட் டப்பாக்களில் நடக்கிறது. ஒரு சொல்லுக்கு ஒரு அட்டைத்துண்டு. அதில் பக்க எண்கள். எழுத்து வரிசைப்படி டப்பாவில் நிற்கும்.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பொழி அத்தியாயத்தில் மாமா ஒரே இடத்தை ஒவ்வொரு பக்கத்தில் ஒவ்வொரு பெயரில் எழுதியிருக்கிறார். பாட்டை மேற்கோள் காட்டும்போது கழி. நீரையும் மணலையும் பேசும்போது முகத்துவாரம். சடங்கைச் சொல்லும்போது பொழி. எல்லாவற்றையும் 'ஓலைத்துறை' என்ற ஒரே அட்டையில் சேர்த்துவிட்டு, மற்ற அட்டைகளில் 'காண்க: ஓலைத்துறை' என்று மட்டும் எழுதிக்கொண்டேன். வாசிப்பவர் எந்தப் பெயரைத் தேடி வந்தாலும் கடைசியில் அங்கே போய்ச் சேர்வார்.

அந்தத் தாய் அட்டையைத்தான் தாழை இன்று எடுத்துக் கடித்துவிட்டாள். ஒரு மூலை கூழாகிப் போயிற்று. மை வயிற்றுக்குள் போயிருக்குமோ என்று பயந்து அத்தையிடம் ஓடினேன். "எழுத்த தின்னா நல்லா படிப்பா, போ" என்றார். அவள் பெயரே எழுத்திலிருந்து வந்ததுதான், அகப்பாட்டைப் பார்த்துத் தாத்தா வைத்தது. பக்கத்து வீட்டில் எல்லோரும் "தாழம்பூவே" என்றுதான் விளிக்கிறார்கள்.

மகிழ்நன் புது வேலையில் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. கட்டுமான ஆலோசனை நிறுவனம். என்ன வேலை என்றால் "அளக்கிற வேலை" என்கிறார். ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் இருந்தவர். முகம் தெளிந்திருக்கிறது, அதுவே போதும். ஷூவைக் கவிழ்த்தால் மணல் கொட்டுகிறது. அடையாள அட்டையின் நீல நாடாவைத் தாழைக்குப் பிடித்திருக்கிறது. விடாமல் சப்புகிறாள்.

ஜூலை 4, வெள்ளி

தாழைக்குக் காலையிலிருந்து காய்ச்சல். ஊசி போட்ட காய்ச்சல்தான், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். பயப்பட வேண்டாம் என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயம் அதிகமாகிறது.

ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தபோது மாமா அறை வாசலில் வந்து நின்றார். கையில் இரண்டாம் தொகுதியின் மெய்ப்பு.

"மக்களே, பக்கம் கூடுது. பதிப்பகத்துக்காரன் அழுகான். இந்தப் பொழி அத்தியாயத்த எடுத்துரலாம்னு பாக்கேன்."

"அதையா மாமா?"

"பழைய நடை. இப்பம் படிச்சா எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

"எனக்கு அதுதான் மாமா..." என்று ஆரம்பித்தேன். தாழை வீறிட்டாள்.

"பிள்ளையப் பாரு. அடைவில இருந்தும் மறக்காம எடுத்துரு, என்னா. இல்லாத பக்கத்தக் காட்டப்பிடாது."

தேயிலை வளர்ப்பு பற்றி ஒரு நீண்ட கட்டுரை இருக்கிறது. யாரும் அதைப் படிக்கப் போவதில்லை. அதை எடுத்திருக்கலாம். ஆனால் அவர் எழுதியது. எதை வைப்பது எதை எடுப்பது என்று சொல்ல நான் யார்?

தாழையை மடியில் போட்டுக்கொண்டே 'ஓலைத்துறை' அட்டையை உருவினேன். கடிபட்ட மூலையோடு இருந்தது. கிழித்துப்போட மனம் வரவில்லை. இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

ஜூலை 5, சனி

காய்ச்சல் இறங்கிவிட்டது. பால் குடித்தாள். எனக்குத்தான் ஒன்றும் இறங்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

ஜெசிந்தா கூப்பிட்டாள். இப்போது அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே டீச்சர். எடுத்ததும் குசலம் விசாரிக்கவில்லை.

"ஏட்டி, எங்க கழிய அடைக்கப் போறானுவ."

சரக்குத் துறைமுகம் வருகிறதாம். நிலக்கரி இறக்க. கழியின் வாயைக் கல் போட்டு நிரந்தரமாக மூடி, மேலே சாலை. கம்பெனி கொடுத்த அறிக்கையில் 'பயன்பாட்டில் இல்லாத உவர்நீர்த் தேக்கம்' என்று எழுதியிருக்கிறார்களாம். அக்டோபரில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்.

"எங்கம்மா அதுலதான் மட்டி வாரி என்னையப் படிக்க வச்சா. பயன்பாட்டில இல்லையாம். நாங்க சொன்னா, நீங்க ஊருக்காரங்க அப்பிடித்தான் சொல்லுவீங்கன்னு சொல்லுகான். எழுத்துல என்ன இருக்குன்னு கேக்கான். எழுத்துல எங்களுக்கு இருக்கது உனக்க மாமனாரு எழுதுனது ஒண்ணுதான். அவர ஒரு நாளு வரச்சொல்லுட்டி. வந்து ரெண்டு வார்த்த பேசட்டும். அவரு சொன்னா எவனும் மறுத்துப் பேசமாட்டான்."

"கண்டிப்பா வருவாரு" என்றேன். அத்தியாயத்தை எடுத்த விஷயத்தைச் சொல்லவில்லை. பழைய பதிப்பு இருக்கிறதே, ஊரில் மாதா கோயில் நூலகத்தில் ஒரு பிரதி உண்டே, அது போதுமே என்று நினைத்துக்கொண்டேன்.

மாமாவிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"வாறேன்னு சொல்லு" என்றார்.

உடனே ஜெசிந்தாவுக்குச் சொன்னேன். அவள் தன் அம்மாவிடம் கத்திச் சொன்னது போனில் கேட்டது. இரவு மகிழ்நனிடம் இதைச் சொல்ல நினைத்தேன். அவர் சாப்பிட்டதும் படுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அடைவின் கடைசி மெய்ப்பு அச்சுக்குப் போயிற்று. என்ன விட்டிருக்கிறேனோ தெரியாது. பாதி வரிசை பாலூட்டிக்கொண்டே பார்த்தது.

தாழைக்குக் கீழே ஒரு பல் வெள்ளையாகத் தெரிகிறது. ஏத்தன் வாழைக்காய்ப் பொடியைக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுத்தேன். பாதியைத் துப்பி, மீதியை என் சேலையில் தேய்த்தாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நாகர்கோவிலில் வெளியீட்டு விழா. மண்டபம் நிறைந்து ஆட்கள் வெளியே நின்றார்கள். மாமாவைப் பற்றி ஒவ்வொருவரும் பேசப் பேச எனக்குப் புல்லரித்தது. "நிலத்துக்கும் சொல்லுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் மனிதர்" என்று ஒருவர் சொன்னார். நல்ல சொல். எழுதி வைக்கிறேன்.

மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த தட்டி நீலம். விழாச் செலவை ஏற்ற நிறுவனத்தின் பெயர் வெள்ளையில். முதல் பிரதி வாங்கியவர் அந்த நிறுவனத்தின் அதிகாரி. மகிழ்நன் எழுந்து போய் அவருக்கு நாற்காலியைச் சரிசெய்து கொடுத்தார். "சார், இது என் மகள்" என்று தாழையைக் காட்டினார். அந்த ஆள் கன்னத்தைத் தொட்டதும் அவள் நாடாவைப் பிடித்துக்கொண்டாள். அவர் கழுத்திலும் அதே நீல நாடா. எல்லோரும் சிரித்தார்கள்.

நன்றிப் பக்கத்தை நான் மெய்ப்புப் பார்க்கவில்லை. அது கடைசியில் சேர்த்ததாம். வீட்டுக்கு வந்து படித்தேன். நிறுவனத்துக்கு நன்றி முதல் வரியில் இருக்கிறது. அடைவுக்காக எனக்கு நன்றி கடைசி வரியில் இருக்கிறது. 'மருமகள்' என்று போட்டிருக்கிறது, பெயர் இல்லை. அதனால் ஒன்றுமில்லை.

அந்த நிறுவனம் என்ன செய்கிறது என்று அத்தையிடம் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்" என்றார். அத்தைக்குத் தெரியாமல் இந்த வீட்டில் பால்கூடப் பொங்காது.

செப்டம்பர் 3, புதன்

மகிழ்நனுக்கு இன்று விடுமுறை. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே சாதாரணமாகக் கேட்பது போல் கேட்டேன்.

"ஓலைத்துறையில துறைமுகம் கட்டப் போறது உங்க கம்பெனியா?"

"எங்க கம்பெனி கட்டல்ல. அளந்து குடுக்குது."

"யாருக்கு?"

"கட்டுறவனுக்கு."

ஒரு கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டு அடுத்த துணியை உதறினேன். வாயில் கிளிப் இருந்தால் உடனே பேச வேண்டியதில்லை.

"மாமா அந்த அத்தியாயத்த எடுத்தது..."

"அது அப்பாவுக்க முடிவு. அதுக்கும் எனக்கும் என்ன? நீ ஏன் எல்லாத்தையும் சேத்து முடிச்சுப் போடுகே?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "ஷைலு, நீ நினைக்கிற மாதிரி அங்க ஒண்ணும் இல்ல. செத்த தண்ணி. போன மார்ச்சில நானே போய்ப் பாத்தேன், ஒரு ஆளு இறங்கல்ல."

மார்ச்சில் தாழை பிறந்து இரண்டு மாதம். வேலைக்கு அலைகிறேன், மதுரைக்குப் போகிறேன் என்று சொல்லிப் போனார். இந்த வேலையில் சேர மூன்று மாதம் முன்பே ஓலைத்துறைக்குப் போயிருக்கிறார். மார்ச்சில் பொழி அடைந்திருக்கும். மட்டிக்காரப் பெண்கள் விடியுமுன் இறங்கி வெயில் ஏறும்போது கரையேறிவிடுவார்கள். அதெல்லாம் மாமாவின் அத்தியாயத்திலேயே இருந்தது. அவர் மகன் அதைப் படித்திருக்கவில்லை.

துணிகளைக் காயப்போட்டு முடித்தேன்.

செப்டம்பர் 4, வியாழன்

ஜெசிந்தாவுக்கு இரண்டாம் தொகுதி ஒன்றைக் கூரியரில் அனுப்பினேன். அவசரத்தில் இந்த நோட்டில் இருந்த கடிபட்ட அட்டையும் அதற்குள் போய்விட்டது போலிருக்கிறது. எந்தப் பக்கத்தில் வைத்தேன் என்று நினைவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

ஜெசிந்தா காலையிலிருந்து கூப்பிடுகிறாள். தாழைக்குச் சளி. எடுக்க முடியவில்லை. பிறகு 'எங்க ஊரு எங்கட்டி?' என்று ஒரு செய்தி. பிறகு ஒன்றுமில்லை.

மாமாவிடம் மறுபடி கேட்டேன்: "கூட்டத்துக்கு வாறீங்கதானே மாமா?"

"வாறேன்னு அன்னிக்கே சொல்லியாச்சுல்லா."

ஒரு மனிதன் அத்தியாயத்தை எடுக்கலாம், விழாவுக்கு யாரிடமாவது உதவி வாங்கலாம். அதற்காகக் கண்ணால் கண்டதை இல்லை என்று சொல்லிவிடுவாரா? மூன்று தொகுதிகளையும் வரி வரியாகப் படித்தவள் நான். அந்த ஆளை எனக்குத் தெரியும்.

அக்டோபர் 9, வியாழன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

கூட்டம் ஓலைத்துறைக்குப் பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில். காரில் மாமாவோடு நானும் தாழையும் போனோம். "பிள்ளைய எதுக்கு வெயில்ல" என்று அத்தை தடுத்தார். மாமா "வரட்டும்" என்றார். வழியெல்லாம் தாழைக்குக் காக்கை காட்டிக்கொண்டு வந்தார்.

மண்டபத்து வாசலில் ஓலைத்துறைப் பெண்கள் நின்றிருந்தார்கள். "எங்க சாரு வந்துட்டாரு" என்று ஒரு குரல். ஜெசிந்தாவின் அம்மா பிலோமி ஓடி வந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓர்ம இருக்கா சார்? எங்க வீட்டுல மட்டிக்கறி தின்னிய. எரியுது எரியுதுன்னு தண்ணி குடிச்சிய."

மாமா சிரித்தார். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். அவருக்கு மின்விசிறிக்கு அடியில் நாற்காலி போட்டார்கள். இளநீர் வந்தது. குடித்தார்.

ஜெசிந்தா என்னிடம் வரவில்லை. தூரத்திலிருந்து தாழையைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் அதிகாரிகளுக்குப் பின்வரிசையில் நீல நாடாக்காரர்கள். அவர்களில் மகிழ்நன். வருகிறேன் என்று என்னிடம் சொல்லியிருக்கவில்லை.

பலர் பேசினார்கள். பிறகு மாமாவின் பெயரைச் சொன்னதும் ஊர் முழுக்கக் கைதட்டியது. அவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். எனக்குப் பழக்கமான குரல், மேடைக் குரல்.

"நான் இளைஞனாக இருந்தபோது எழுதிய ஒரு கட்டுரையை இங்கே சிலர் ஆதாரமாகக் காட்டினார்கள். அன்பினால் காட்டினார்கள். ஆனால் ஆய்வாளனுக்கு அன்பைவிட நேர்மை பெரிது. அந்தக் கட்டுரை இரண்டு மூன்று பேர் சொன்ன வாய்ச்சொல்லை நம்பி எழுதப்பட்டது. மறு ஆய்வுக்குப் பிறகு அதை நானே விலக்கிக்கொண்டேன். என் முழுத்தொகுப்பில் அது இல்லை. இதற்கு மேல் நான் சொல்ல எதுவுமில்லை."

யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிலோமி பக்கத்துப் பெண்ணிடம், "என்ன சொல்லுகாரு, நமக்காகத்தானே சொல்லுகாரு?" என்று கேட்டார்.

ஜெசிந்தா எழுந்தாள். கையில் நான் அனுப்பிய தொகுதி. கடைசிப் பக்கங்களுக்கு நடுவே அந்தக் கடிபட்ட அட்டை நீட்டிக்கொண்டிருந்தது.

"சார், ஒரு சந்தேகம். நான் சின்னப்பிள்ளையளுக்குப் பாடம் எடுக்கவ, பெரிய படிப்பு கிடையாது. இதுல 'கழி, காண்க ஓலைத்துறை'ன்னு போட்டிருக்கு. செரி, காணலாம்னு போனேன். ஓரை இருக்கு. ஓவியம் இருக்கு. நடுவுல எங்க ஊரக் காணல்ல. யோசிச்சு விலக்குனவரு எதுக்கு சார் எங்க ஊரக் காணுன்னு சொல்லி அனுப்புதிய? வீட்டுக்கு விருந்து விளிச்சிட்டு வீட்டையே இடிச்சுப்போட்ட மாதிரில்லா இருக்கு."

அங்கங்கே சிரிப்பு. அதிகாரி புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். மாமாவும் வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கணக்குப் போடுகிறவரின் பார்வை.

"அடைவு நான் செய்ததில்லை. என் மருமகள் செய்தது. கைக்குழந்தைக்காரி. உறக்கம் இல்லாமல் செய்ததில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. இதைப் பெரிதுபடுத்த வேண்டாம்."

தாழை என் இடுப்பில் இருந்தாள். மகிழ்நன் எதிர்வரிசையிலிருந்து வேண்டாம் என்று தலையசைத்தார். நான் எழுந்தது எனக்கே தெரியவில்லை. யாரோ ஒலிவாங்கியைக் கொண்டு வந்தார்கள். தாழை அதைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

"மறு ஆய்வுன்னு சொன்னீங்க மாமா. யாரும் போய்ப் பாக்கல்ல. 'பக்கம் கூடுது, எடுத்துரு'ன்னு சொன்னீங்க. பிள்ளைக்குக் காய்ச்சல், மடியில கிடந்தா. நான்தான் எடுத்தேன். அதுல எழுதியிருந்தது பொய் இல்ல. பொழி வெட்டும்போ நான் கரையில நின்னு பாத்திருக்கேன். முதல் வெட்டு பிலோமி அம்மா வெட்டுனாங்க."

அவ்வளவுதான் சொன்னேன். தாழை ஒலிவாங்கிக்குள் ஒருமுறை குரல் கொடுத்தாள், மண்டபம் முழுக்கக் கேட்டது.

"பதிவுக்குப் பேர் சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி.

"ஷைலஜா."

"இன்னார் மனைவி, இன்னார் மகள்னு போடணும்."

"இவருக்க புத்தகங்களுக்குச் சொல்லடைவு செஞ்சவன்னு போடுங்க."

அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தபோது கார் இல்லை. ஜெசிந்தா பேருந்து நிறுத்தம் வரை வந்தாள். தாழையின் தலையில் தன் முந்தானையைப் போட்டாள். பேருந்து வரும்போதுதான் பேசினாள்.

"அன்னிக்கு நான் விளிச்சப்பவே எடுத்தாச்சு, இல்லையா?"

"ம்."

"ஒரு வாக்கு சொல்லியிருக்கலாம். நாங்க அவருக்காக இளநி வெட்டி வச்சுக் காத்திருந்தோம்."

நான் ஏறிவிட்டேன். கையசைத்தாளா என்று தெரியவில்லை. ஏறுமுன் அவள் முந்தானையை விலக்கிவிட்டு என் துண்டைப் போட்டது மட்டும் நினைவிருக்கிறது.

அக்டோபர் 10, வெள்ளி

யாரும் என்னோடு பேசவில்லை. தாழைக்கு இரண்டாவது பல்.

அக்டோபர் 17, வெள்ளி

மகிழ்நன் வேலையிடத்துக் குடியிருப்புக்குப் போய்விட்டார். தினமும் ஒரே செய்தி: 'தாழை சாப்பிட்டாளா?' நானும் தினமும் 'சாப்பிட்டாள்' என்று போடுகிறேன். வேறெதுவும் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. துறைமுகம் பற்றி முடிவு எதுவும் வரவில்லை. பதிவு செய்ததை மேலே அனுப்பியிருக்கிறார்களாம்.

இன்று அத்தை தாழைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். குழந்தையின் முதுகைப் பார்த்தபடியே பேசினார்.

"அந்த ஊருக்குப் போயிட்டு வந்தப்பம் உங்க மாமாவுக்கு முட்டு வரைக்கும் சேறு. வேட்டிய நான்தான் அலக்குனேன். தண்ணிக்குள்ள இறங்கி நின்னேன் கோமதி, அவளுவகூட நானும் வெட்டுனேன்னு நாலு நாளு அதே பேச்சு. வாய்ச்சொல்லாம்."

நான் தாழையின் துண்டை எடுத்து மடித்தேன்.

"மகனுக்கு ஒரு வேல பாத்துக் குடுங்கன்னு நான்தான் அவர அரிச்சேன். அவரு கம்பெனிக்காரங்ககிட்ட கேட்டாரு. அவங்க இவருகிட்ட ஒண்ணு கேட்டாங்க. இவ்வளவுதான் நடந்துது." எண்ணெய்க் கையைத் தாழையின் பாதத்தில் தேய்த்தார். "உனக்கும் இந்தக் குட்டிக்கும் வேண்டித்தான் எல்லாம். நீ அதச் சபையில வச்சு உடச்சே."

எனக்கு வேண்டி. இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு வேண்டிச் செய்தது எனக்கு மட்டும் தெரியவில்லை. என் கையாலேயே அந்த அட்டையை உருவ வைத்தார்கள். என் குழந்தையைக் காட்டியே என் அடைவைப் பிழை என்றார்கள்.

குழந்தையை வாங்கி வெந்நீர் ஊற்றினேன். சோப்பு கண்ணில் பட்டு அழுதாள். எனக்கும் பட்டது.

அக்டோபர் 26, ஞாயிறு

ஒரு வாரமாக மழை. இன்று மதியம் ஜெசிந்தாவிடமிருந்து ஒரு குரல்பதிவு. கூட்டத்துக்குப் பிறகு முதல் முறை. அதில் அவள் பேசவில்லை. காற்று, பெண்களின் கூச்சல், மண்வெட்டி மணலில் இறங்கும் சத்தம், பிறகு தண்ணீர். முதலில் சின்னதாக, பிறகு வேறெதுவும் கேட்காத அளவுக்கு. பொழி உடைந்திருக்கிறது. தாழை போனைக் காதில் வைத்துக்கொண்டு சத்தம் வந்த திசையைத் தேடினாள். திரும்பத் திரும்பப் போட்டேன். பதில் என்ன அனுப்புவது என்று தெரியவில்லை. இன்னும் அனுப்பவில்லை.

மாலையில் மாமா அறை வாசலில் வந்து நின்றார். ஜூலையில் நின்ற அதே இடம்.

"ரெண்டாம் அச்சு போடப் போறாங்க. அந்த 'காண்க'வ எடுத்துரணும்."

"டப்பா எல்லாம் உங்க மேசையில வச்சிருக்கேன். நீங்களே எடுத்துக்கிடுங்க மாமா."

"எனக்கு அது எங்கன இருக்குன்னு..."

"எழுத்து வரிசைதான்."

அவர் போனார். சுவருக்கு அந்தப்பக்கம் டப்பா மூடி திறக்கும் சத்தம். அட்டைகள் சரிந்தன. ஒருமுறை இருமினார். தன் வாழ்நாள் எழுத்துக்குள் அவர் தேடிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு அட்டை கிழியும் சத்தம், 'கழி'யாகத்தான் இருக்கும். ஜெசிந்தா படித்துக் காட்டியது அதைத்தானே. மூடியை அழுத்தி மூடிவிட்டு, நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார். எனக்குக் கேட்டது.

தாழை என் தோளில் உறங்கிவிட்டாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். 'காண்க' அட்டைகளை எடுக்காதது காய்ச்சல் நாளில் தவறிப்போய் விட்டது என்றுதான் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். இந்த நோட்டிலும் அதற்கு மேல் எழுதவில்லை.

பொழி. முகத்துவாரம். மட்டி. மடவை மீன். பெண்கள், நீர் உரிமை. மணல்மேடு. மழைக்காலச் சடங்கு. ஒவ்வொன்றும் அதனதன் டப்பாவில், அதனதன் இடத்தில், ஓலைத்துறையைக் காணச் சொல்லிக்கொண்டு நிற்கிறது.